மலைச்சரிவு பொய் சொல்லும்: உருளைக்கிழங்கு நிலத்தில் உரம், களை, நோய்ச் சோதனைகளை நாமே நடத்தும் முறை

நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி எனக்கு ஒன்றரை ஏக்கர். எல்லாம் படிக்கட்டு நிலம். சில வருடங்களுக்கு முன் ஒரு புது நுண்ணுயிர் உரத்தை வாங்கிவந்து கீழ்ப்படிகள் நான்கிலும் போட்டேன். மேல்படிகளுக்கு எப்போதும் போடுவதுதான். கிழங்கு எடுத்தபோது கீழே மூட்டை கூடுதலாக விழுந்தது. ஹட்டி (எங்கள் ஊர்) முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பக்கத்து நிலத்து மாமா வரப்பில் உட்கார்ந்து கேட்டார்: "அதெல்லாம் சரி மாப்ளே, போன வருஷம் எந்தப் படியில கூடுதலா எடுத்தே?"

போன வருஷமும் கீழ்ப்படிதான். அதற்கு முந்தின வருஷமும்.

ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. கூடவே போட்ட உரமும் தொழுவுரமும் இறங்குகின்றன. நான் சோதித்தது புது உரத்தை அல்ல, சரிவை. மலையில் வயல் சோதனை செய்பவருக்கு முதல் எதிரி இந்தச் சரிவுதான். இரண்டாவது எதிரி, காசு கொடுத்து வாங்கியது பலன் தரவேண்டும் என்று ஏங்கும் நம் கண். இந்த இரண்டையும் கட்டிப்போடும் முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டெல்லாம் உருளைக்கிழங்குதான். கேரட், முட்டைக்கோஸ், கொடைக்கானல் மலையின் பூம்பாறைப் பக்கத்துப் பூண்டு எதற்கும் அளவுகளை மாற்றிக்கொண்டால் போதும்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

"எந்த உரம் நல்லது?" என்பது சோதனைக்கான கேள்வி அல்ல. "டோலமைட் (சுண்ணாம்புச் சத்துள்ள கல் தூள்) போட்டால், நான் வழக்கமாகப் போடும் உரத்துக்குக் கிழங்கு கூடுமா?" என்பது கேள்வி. ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுத முடியாவிட்டால் இன்னும் யோசிக்க வேண்டும் என்று பொருள்.

நீலகிரி மண் பெரும்பாலும் புளித்த செம்மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் நாம் போடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும். நிலத்தில் மணிச்சத்து இருக்கும், செடிக்குக் கிடைக்காது. மலைப்பகுதி உருளைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகளை 120:240:120 கிலோ என்று பரிந்துரைப்பதில் மணிச்சத்து மட்டும் இரண்டு மடங்காக நிற்பதைப் பாருங்கள். அப்படியானால் நல்ல கேள்வி ஒன்று எழுகிறது: சுண்ணாம்புச் சத்து போட்டுப் புளிப்பைக் குறைத்தால், அந்த உரம் இன்னும் நன்றாக வேலை செய்யுமா?

இதற்கு நான்கு முறைகள் போதும்.

அ. என் வழக்கம்
ஆ. என் வழக்கம், டோலமைட்டுடன்
இ. பல்கலைக்கழகப் பரிந்துரை
ஈ. பல்கலைக்கழகப் பரிந்துரை, டோலமைட்டுடன்

இப்படி அமைத்தால் ஒரே சோதனையில் இரண்டு விடை கிடைக்கும். டோலமைட்டின் பலனைப் பார்க்க ஆ, ஈ இரண்டையும் சேர்த்து அ, இ இரண்டோடு ஒப்பிடலாம். பரிந்துரையின் பலனுக்கு இ, ஈ ஒரு பக்கம், அ, ஆ மறுபக்கம். "அ" இல்லாமல் சோதனை வைக்காதீர்கள். நம் வழக்கம் அதில் இல்லையென்றால் விடை வந்தாலும் எதோடு ஒப்பிடுவது?

புதிதாகத் தொடங்குபவர்கள் ஆறேழு முறைகளை அடுக்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். நான்கைத் தாண்டினால் ஒரு படியில் அடங்காது. அடங்காவிட்டால் சரிவு மறுபடி உள்ளே வந்துவிடும்.

மண்ணைப் பாருங்கள், போகத்தைத் தேருங்கள்

சோதனை நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில், மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கச் சுவரைச் சீவி மண் எடுங்கள். எரு குவித்த இடம், வரப்போரம், மரத்தடி வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்து, நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். கார அமில நிலையோடு (பி.எச்.) சுண்ணாம்புத் தேவை எவ்வளவு என்றும் கேளுங்கள். கார அமில எண் ஒன்றாக இருந்தாலும் மக்கு அதிகமுள்ள மண் கூடுதல் சுண்ணாம்பைக் கேட்கும்.

நம் மலையில் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்று போகம். உரச் சோதனைக்கு நான் நீர்போகத்தைத்தான் தேர்வேன். மழை குறைவு, கருகல் நோய் குறைவு, தண்ணீர் நம் கையில். ஒரே ஆபத்து பனி. தை மாதக் குளிர்காற்று இரவில் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். உறைபனி அடிக்கும் அடிப்படியைச் சோதனையில் சேர்க்காதீர்கள். நோய்ச் சோதனைக்கு நேர்மாறு: கார்போகம். மூடுபனியும் தூறலும் இல்லாத போகத்தில் கருகல் மருந்தைச் சோதிப்பது, மழையில்லாத நாளில் குடையைச் சோதிப்பது போல.

படிதான் தொகுதி

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரே முறையை ஒரே ஒரு துண்டில் வைத்து முடிவெடுக்க முடியாது. ஐந்து இடத்திலாவது திரும்ப வைக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் ரொனால்ட் ஃபிஷர் வகுத்துக் கொடுத்த ஏற்பாடு இன்றைக்கும் உலகம் முழுக்க நடக்கிறது: நிலத்தைத் தொகுதிகளாகப் பிரி, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் நிலம் ஒரே மாதிரி இருக்கட்டும், ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா முறையும் ஒருமுறை வரட்டும், எது எங்கே என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும்.

சமவெளிக்காரர் தொகுதியைக் கோடு போட்டுத் தேட வேண்டும். நமக்கு முன்னோர் வெட்டியே வைத்துவிட்டார்கள். ஒரு படி, ஒரு தொகுதி. ஐந்து படி, ஐந்து தொகுதி. மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் ஒப்பீடு படிக்கு உள்ளேயே நடக்கிறது.

ஆனால் படிக்குள்ளும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. படி வெட்டும்போது உள்பக்கம் தோண்டி வெளிப்பக்கம் நிரப்பியிருப்பார்கள். மேட்டுச்சுவரை ஒட்டிய உள்பக்கத்தில் அடிமண் மேலே வந்திருக்கும், ஈரமும் தேங்கும். வெளிவிளிம்பில் மண் ஆழம். ஆகவே ஒவ்வொரு சோதனைத் துண்டும் மேட்டுச்சுவரிலிருந்து வெளிவிளிம்பு வரை படியின் முழு அகலத்தையும் பிடிக்க வேண்டும். அப்போது நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லாத் துண்டுக்கும் சமமாகப் பங்காகும்.

என் படிகள் சுமார் நான்கு மீட்டர் அகலம். 45 செ.மீ. இடைவெளியில் 8 பார் (நடவு வரிசை), 20 செ.மீ.க்கு ஒரு கிழங்கு, பார் நீளம் 4 மீட்டர். ஒரு துண்டு 3.6 × 4 = 14.4 சதுர மீட்டர். பாருக்கு 20 வீதம் 160 விதைக்கிழங்கு. துண்டுகளுக்கு நடுவே அரை மீட்டர் விட்டால் ஒரு படியில் 17.5 மீட்டர் நீளம் வேண்டும். 20 துண்டுக்கும் சேர்த்து 288 சதுர மீட்டர், ஏழு சென்டுக்குக் கொஞ்சம் மேல். நடைபாதையோடு பத்து சென்ட். ஒன்றரை ஏக்கரில் பத்து சென்ட் போனால் குடி முழுகாது.

குலுக்கல் எளிது. அ, ஆ, இ, ஈ என்று நான்கு சீட்டு, ஒரு டீத்தூள் டப்பா. முதல் படிக்கு இடமிருந்து வலமாக எடுத்து எழுதுங்கள். சீட்டுகளை மறுபடி போட்டு, குலுக்கி, இரண்டாம் படிக்கு எடுங்கள். "முறையாக இருக்கட்டும்" என்று எல்லாப் படியிலும் ஒரே வரிசையில் வைத்தால், ஓடைப் பக்கத்து ஈரம் ஒரே முறைக்கே போய்ச் சேரும். பிறகு முளைக்குச்சிகளில் முறையின் பெயரை எழுதாதீர்கள், 1 முதல் 20 வரை எண் மட்டும். எந்த எண் எந்த முறை என்பது நோட்டில் இருக்கட்டும், நோட்டு வீட்டில் இருக்கட்டும். களை எண்ணுபவருக்கும் கிழங்கை எடை போடுபவருக்கும் தெரியாமல் இருப்பதே நல்லது, அது நம் வீட்டம்மாவாக இருந்தாலும்.

உரத்தை எடை போட்டுத்தான் போட வேண்டும்

கைப்பிடிக் கணக்கு இங்கே செல்லாது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு மின்னணுத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். எக்டர் அளவை 10,000-ஆல் வகுத்து 14.4-ஆல் பெருக்கினால் ஒரு துண்டுக்கான அளவு. பல்கலைக்கழகப் பரிந்துரைத் துண்டுக்கு:

தொழுவுரம் (எக்டருக்கு 15 டன்): 21.6 கிலோ
யூரியா: 376 கிராம், பாதி நடும்போது, மீதி மண் அணைக்கும்போது
சூப்பர் பாஸ்பேட், 16 சதவீதம்: 2.16 கிலோ
பொட்டாஷ், 60 சதவீதம்: 288 கிராம்
மெக்னீசியம் சல்பேட் (எக்டருக்கு 60 கிலோ): 86 கிராம்

டோலமைட் எவ்வளவு என்பதை மண் பரிசோதனை சொல்லும். எக்டருக்கு 2 டன் என்று வந்தால் துண்டுக்கு 2.88 கிலோ. நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே போட்டு மண்ணோடு கொத்திவிட வேண்டும். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் கலந்து போட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி நம் காசுதான்.

டோலமைட் நல்லது என்று கண்டவுடன் கூடக் கூடப் போட வேண்டாம். கார அமில எண் 5.5-ஐத் தாண்டிப் போகப்போக உருளையின் தோலில் சொறி நோய் தலைகாட்டும். அதே நிலத்தில் அடுத்து முட்டைக்கோஸ் வைப்பவருக்கோ, வேர் உருண்டு வீங்கும் கிளப் ரூட் நோயை அடக்க எண் 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒரு பயிரின் மருந்து அடுத்த பயிரின் வியாதி. அதனால்தான் சோதனை நோட்டில் சொறி விழுந்த கிழங்குக்குத் தனிப் பத்தி வேண்டும்.

"அ" துண்டில் போடும் "என் வழக்கம்" எவ்வளவு என்பதையும் எடை போடுங்கள். நான் முதல்முறை எடை போட்டபோது, பரிந்துரையைவிடத் தழைச்சத்து எவ்வளவு கூடுதலாகக் கொட்டிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்து வெட்கமாகப் போய்விட்டது.

களைச் சோதனை

உருளையில் முதல் 60 நாள் களையில்லாமல் இருந்தால் போதும். அதற்குப் பின் தழையே மூடிக்கொள்ளும். கேள்வி, அந்த 60 நாளை எவ்வளவு கூலியில் கடப்பது என்பதுதான். நான் வைத்த நான்கு: 45, 60-ஆம் நாள்களில் கொத்தி மண் அணைப்பது, 25-ஆம் நாளே ஒருமுறை கூடுதலாகக் கொத்துவது, பார்களுக்கு நடுவே காய்ந்த புல் மூடாக்கு, களையே எடுக்காதது. கடைசித் துண்டைப் பார்த்து வழிப்போக்கர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். களையால் எவ்வளவு நட்டம் என்று சொல்வது அந்தத் துண்டு மட்டும்தான். களை பூத்து விதை வைக்குமுன் தலையை மட்டும் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் ஐந்து வருடத்துக்கு வேலை வைக்கும்.

எண்ணுவதற்கு அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றை மூங்கில் குச்சியில் கட்டிக்கொள்ளுங்கள். துண்டுக்கு இரண்டு இடத்தில், கண்ணை மூடி வீசி விழுந்த இடத்தில் வையுங்கள். புல், அகன்ற இலைக் களை, கோரை என்று பிரித்து எண்ணி, பிடுங்கி, காயவைத்து எடை போடுங்கள். எண்ணிக்கையைவிட எடைதான் உண்மையைச் சொல்லும்: பத்துக் களை நாற்று, வளர்ந்த ஒரு கலின்சோகாக் களைச் செடிக்கு ஈடாகாது. களை எடுக்காத துண்டின் உலர் எடையிலிருந்து சோதனைத் துண்டின் எடையைக் கழித்து, எடுக்காத துண்டின் எடையால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் களைக் கட்டுப்பாட்டுத் திறன். 80 கிராமும் 20 கிராமும் என்றால் 75 சதவீதம்.

அடியில் குமிழ்க்கிழங்கு வைக்கும் ஊதாப்பூப் புளியாரைக்குத் தனிக் கண். மற்றக் களைக்கு மருந்தாகும் கொத்து, அதற்கு நடவு. கிழங்கைச் சிதறடித்து நான்கு மடங்காக்கிவிடும். கிக்குயூ புல்லும் அப்படியே. வெட்டிய கணு ஒவ்வொன்றும் வேர் பிடிக்கும். இவை மண்டிய படியைச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

களைக்கொல்லி சேர்ப்பதாக இருந்தால், லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வேண்டாம். இங்கே நம் வயல் ஓடைதான் கீழே இருப்பவர்களின் குடிநீர்.

நோய்ச் சோதனை

பின்கருகல் நோய் ஒரு வாரத்தில் வயலைத் தீய்த்துவிடும். குளிர்ச்சியும், இலை காயாத ஈரமும் சேர்ந்தால் போதும். காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் கருகலின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். வெயில் ஏறினால் அது தெரியாது. ஆகவே கணக்கெடுப்பு எப்போதும் காலையில், பனி காயுமுன்.

வழக்கமான பரிந்துரை, மேங்கோசெப் என்னும் கருகல் மருந்து லிட்டருக்கு 2 கிராம், 45, 60, 75-ஆம் நாள்களில். நான் கேட்க விரும்பிய கேள்வி: நாள் பார்த்து அடிப்பதா, பனி பார்த்து அடிப்பதா? தாங்கும் ரகம் வைத்தால் ஒரு தெளிப்பு மிச்சமாகுமா? இதே படிகளில் இதே குலுக்கலில் இதையும் வைக்கலாம், இரண்டு மாற்றங்களோடு. ஒன்று, மருந்து அடிக்காத துண்டு பக்கத்துத் துண்டுக்கெல்லாம் நோய் வித்து அனுப்பிக்கொண்டே இருக்கும். துண்டுகளுக்கு இடையே இரண்டு மீட்டராவது விட்டு, அதில் பீன்ஸோ பட்டாணியோ வையுங்கள். இரண்டு, தெளிப்பின்போது பக்கவாட்டில் தார்ப்பாயைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மதியத்துக்குமேல் பள்ளத்தாக்குக் காற்று ஏறும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

தெளிப்பானை வெறும் தண்ணீரில் பழகுங்கள். எக்டருக்கு 500 லிட்டர் கணக்கில் 14.4 சதுர மீட்டருக்கு 720 மி.லி.; அந்த அளவு உங்கள் நடையில் சரியாக முடிகிறதா என்று மூன்று முறை நடந்து பார்த்தபின் மருந்தைக் கலக்குங்கள். டப்பாவில் நச்சின் அளவைக் காட்டும் முக்கோண நிறத்தையும், கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாளையும் நோட்டில் எழுதுங்கள்.

ஏழு நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு துண்டிலும் நடுப் பார்களில் பத்துச் செடி, இலைப்பரப்பில் எத்தனை சதவீதம் கருகல் என்று குறியுங்கள். கடைசி நாள் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஒரு துண்டில் 45, 52, 59, 66-ஆம் நாள்களில் 0, 5, 20, 60 என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு எண்களின் சராசரியை ஏழால் பெருக்கிக் கூட்டினால் 385. இன்னொன்றில் 0, 1, 5, 20 என்றால் 112. நோய் எவ்வளவு சீக்கிரம் வந்தது, எவ்வளவு நாள் தங்கியது இரண்டும் இந்த ஒற்றை எண்ணில் அடங்கிவிடும்.

மருந்தால் தீராத ஒன்றும் இந்த மண்ணில் இருக்கிறது. உருளையின் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1961-இல், நீலகிரியில். 1971-இல் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்கே தடை வந்தது. கூடு மண்ணில் இருபது வருடம்கூடக் கிடக்கும். முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் குஃப்ரி ஸ்வர்ணா இதைத் தாங்குவதற்காகவே வந்த ரகம். சோதனை நிலத்தில் இப்புழு ஒரு மூலையில் மட்டும் இருந்தால் உரக் கணக்கெல்லாம் குழம்பும். ஆகவே திட்டுத்திட்டாகச் செடி குட்டையாக நின்று வாடும் இடத்தை விலக்குங்கள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகுமுன் மண்வெட்டியையும் பூட்ஸையும் கழுவுங்கள்.

எடுப்பதும் எண்ணுவதும்

ஓரப் பார் இரண்டையும், ஒவ்வொரு பாரின் முனையிலும் ஒரு செடியையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள 6 பார் × 18 செடி மட்டும் கணக்கு. பரப்பு 9.72 சதுர மீட்டர். ஓரச் செடி பக்கத்துத் துண்டின் உரத்தையும் தின்றிருக்கும். மண்ணை உதறி, பெரிசு, மீடியம், பொடி, சொறி அல்லது அழுகல் என்று பிரித்துத் தனித்தனியே எடை போடுங்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் விலை தரத்துக்குத்தான், மொத்த எடைக்கு அல்ல.

காட்டெருமை மிதித்த துண்டு, பன்றி கிளறிய துண்டு இருந்தால் அந்த நாளே நோட்டில் எழுதுங்கள். அறுவடையில் குறைவாக வந்தபின் "பன்றி வந்திருக்கும்" என்று ஒதுக்குவது கள்ள ஆட்டம்.

இப்போது கணக்கு. ஒவ்வொரு படியிலும் "ஆ" எடையிலிருந்து "அ" எடையைக் கழியுங்கள். விளக்கத்துக்காக நான் எடுத்த எண்கள் இவை: ஐந்து படியில் வித்தியாசம் 3, 1, 4, 2, கழித்தல் 1 கிலோ. சராசரி 1.8. ஏக்கருக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 750 கிலோ. உரக்கடை விளம்பரத்துக்கு இது போதும். ஆனால் ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, விலகல்களின் வர்க்கத்தைக் கூட்டினால் 14.8. நான்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.92, அதை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.86. 1.8-ஐ 0.86-ஆல் வகுத்தால் 2.09. புள்ளியியல் அட்டவணைப்படி ஐந்து படிக்கு இந்த எண் 2.78-ஐத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை, இந்த 1.8 தற்செயலாகவும் வந்திருக்கலாம்.

இன்னொரு வரிசை: 2.5, 1.5, 2, 1, 2. சராசரி அதே 1.8. அதே கணக்கைப் போட்டால் 7-ஐத் தாண்டுகிறது. இது நம்பத் தகுந்தது. சராசரி ஒன்றேதான், ஐந்து படியும் ஒரே குரலில் பேசுகின்றனவா என்பதில்தான் வித்தியாசம். நான்கு முறைகளையும் ஒன்றாக ஒப்பிட மாறுபாட்டுப் பகுப்பாய்வு வேண்டும். வேளாண் கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது ஹட்டியில் இருப்பார்கள், கணினியில் கால் மணி நேர வேலை.

நம்பத் தகுந்த வித்தியாசம் வந்தபின்தான் காசுக் கணக்கு: கூடுதல் கிழங்கின் விலை, அதில் கழிக்க டோலமைட், சுமைகூலி, கொத்துகூலி. மூட்டையைச் சாலையிலிருந்து எட்டாவது படிக்குச் சுமக்கும் கூலியைச் சேர்க்காத கணக்கை நான் மதிப்பதில்லை.

ஒரு போகம் போதாது. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை இன்னும் நடக்கிறது. நாம் அவ்வளவு போக வேண்டாம், மூன்று போகமாவது பார்க்கலாம். முக்கியமாக டோலமைட், அது முதல் போகத்தில் முழுசாகக் கரைவதே இல்லை. நான் செய்த தவறைச் சொல்கிறேன். முதல் சோதனை முடிந்ததும் முளைக்குச்சிகளைப் பிடுங்கி வெந்நீர் அடுப்புக்கு வைத்துவிட்டேன். அடுத்து முட்டைக்கோஸ் நட்டேன். இரண்டாம் மாதம் மூன்றாவது படியில் பாதிச் செடிகள் வெயிலுக்குத் துவண்டன, பிடுங்கினால் வேர் உருண்டு வீங்கியிருந்தது. பக்கத்திலேயே நான்கு மீட்டருக்கு ஒரு செடிகூட வாடவில்லை. அந்த நான்கு மீட்டர் டோலமைட் போட்ட துண்டா என்று பார்க்க நோட்டை எடுத்து ஓடினேன். நோட்டில் 11, 12 என்று எண் இருந்தது. நிலத்தில் குச்சி இல்லை. இப்போதெல்லாம் மூலைக்கல் நட்டு வைக்கிறேன். மேட்டுச்சுவரில் சுண்ணாம்பால் எண்ணும் எழுதிவிடுகிறேன்.